வலப்பக்கப் புள்ளி

துறைமுகத்தில் அவரைக் 'கை' என்றுதான் கூப்பிடுவார்கள். அவருடைய பெயர் அடையாள அட்டையில் மட்டும் இருந்தது.

வேலை அப்படி. கப்பலிலிருந்து சரக்குப் பெட்டிகளை இறக்கும் கிரேனின் கூண்டு பத்து மாடி உயரத்தில் இருக்கும். அங்கே உட்கார்ந்திருப்பவருக்குப் பெட்டியின் மேல்பக்கம்தான் தெரியும். அடியில் என்ன இருக்கிறது, யார் நிற்கிறார்கள் என்று தெரியாது. கீழேயிருந்து கத்தினால் கேட்காது. வயர்லெஸ் பாதி நாள் கரகரக்கும். அதனால் தரையில் ஒருவர் நின்று கையால் சொல்லவேண்டும். ஒரு விரல் வானத்தைப் பார்த்துச் சுற்றினால் தூக்கு. தரையைப் பார்த்துச் சுற்றினால் இறக்கு. உள்ளங்கை கவிழ்ந்து நீண்டால் நில். அசையும் கைக்கு மேல் இன்னொரு கையைக் குடை மாதிரிப் பிடித்தால், மெதுவாக. முப்பத்தொரு வருடம் அவர் இதைத்தான் செய்தார். அவர் நிறுத்தி ஒரு பெட்டி நிற்காமல் போனதில்லை.

மேலே கூண்டில் இருந்தவருக்கு 'மேல்மாடி' என்று பட்டம். இருபத்திரண்டு வருடம் இருவரும் சேர்ந்து வேலை பார்த்தார்கள். வேலை நேரத்தில் ஒரு வார்த்தை பேசியதில்லை, பேச வழியில்லை. டீ நேரத்தில் மேல்மாடி இறங்கி வந்ததும் அவ்வளவு பாக்கியையும் சேர்த்துப் பேசுவார்கள்.

வீட்டிலும் கைதான். தண்ணீர் வேண்டுமென்றால் விரல், சாப்பாடு போதுமென்றால் கவிழ்ந்த உள்ளங்கை. "வாயத் திறந்து கேட்டா முத்தா உதிர்ந்துடும்?" என்பாள் மனைவி. அதற்கும் கையாலேயே ஏதோ சொல்வார். அது துறைமுகச் சைகைகளில் சேராதது.

ஒரே மகள். அவள் மாடிப்படியில் தடதடவென்று இறங்கினால், கீழே நிற்கும் அப்பா ஒரு கைக்கு மேல் இன்னொரு கையைப் பிடிப்பார். அவள் வேகத்தைக் குறைப்பாள். பள்ளிக்கூடத்தில் டீச்சர் சொல்லிக் கேட்காதவள், அப்பாவின் கைக்குக் கட்டுப்பட்டாள்.

மகள் படித்து, உடலசைவைப் படிக்கும் கேமராக்களோடு வேலை செய்யப் போனாள். நகரத்தில் குழந்தைகளுக்காக ஒரு கற்கும் கூடம் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு சுவர் முழுக்கத் திரை. அதன் இரு பக்கமும் கேமரா. முன்னால் விரித்த பாயில் குழந்தை நின்றால், சுவரில் பதினேழு ஒளிப்புள்ளிகளாக அதன் உருவம் தெரியும்: தலை, தோள், முழங்கை, மணிக்கட்டு, முழங்கால், பாதம். கண்ணாடியில் தெரிவது மாதிரி, வலது கையைத் தூக்கினால் வலப்பக்கப் புள்ளி எழும். கைகளை விரித்துக் கோணம் படிக்கலாம். விரலால் காற்றில் படம் வரையலாம். காலடியால் தாளம் போடலாம்.

அதில் ஒரு பாடம் மகள் யோசித்தது. சுவரில் ஒரு கிரேன் நிற்கும். குழந்தைகள் பேசாமல் சைகையால் சொல்லி அதைக்கொண்டு பெட்டிகளை அடுக்கவேண்டும். எப்படிச் சொல்வது என்று காட்ட முதலில் ஒரு வழிகாட்டி உருவம் வந்து நிற்கும். அந்த உருவத்துக்கு யாராவது அசைந்து காட்டவேண்டும். ஒரு நடனக்காரரை அழைத்துவந்தார்கள். அவர் 'நில்' என்று கையை நீட்டினால், இன்னும் கொஞ்சம் வாயேன் என்று கூப்பிடுகிற மாதிரி இருந்தது.

"எங்கப்பாவைக் கூட்டிட்டு வரவா?" என்று மேலாளரிடம் கேட்டாள்.

வார விடுமுறை நாளில் அவர் வந்தார். இஸ்திரி போட்ட சீருடை, துடைத்த பூட்ஸ், கையில் தலைக்கவசம்.

"அது எதுக்குப்பா? மேல எதுவும் விழாது."

"சைகை சொல்றப்ப தலை காலியா இருந்தா எனக்குக் கை வராது."

பாயில் நின்றார். சுவரில் பதினேழு புள்ளிகள் எழுந்தன. இளவயதில் கம்பிக் கயிறு ஒன்று அறுந்து அடித்ததிலிருந்து அவருடைய இடது முழங்கால் சற்று மடங்கியே நிற்கும். அந்த மடிப்பும் சுவரில் தெரிந்தது.

"தொப்பையைக் காணோமே" என்றார்.

"அதுக்குப் புள்ளி கிடையாது."

"உங்கம்மாவைக் கூட்டிட்டு வந்து காட்டணும். இளைச்சுட்டேன்னு சொன்னா நம்ப மாட்டேங்கறா."

தூக்கு, இறக்கு, நில், மெதுவாக. வரிசையாகச் செய்துகாட்டினார். மகள் கணினிக்குப் பின்னால் உட்கார்ந்து பதிவு செய்தாள். அந்த வாரம் அவள் சேர்ந்தாற்போல் நான்கு மணி நேரம் தூங்கியதில்லை. திறப்புக்குப் பதினைந்து நாள் இருந்தது.

'நில்' என்று வலது கையை நீட்டியவர், கையை இறக்காமல் சுவரையே பார்த்தார்.

"ஏம்மா, இந்தப் பக்கத்துப் புள்ளி மட்டும் ஏன் ஆடுது?"

மகள் பார்த்தாள். வலப்பக்க மணிக்கட்டுப் புள்ளி, ஈ உட்கார்ந்த நூல் மாதிரி லேசாகத் துடித்துக்கொண்டிருந்தது.

"அது கேமரா கோளாறு. அந்தப் பக்கம் வெளிச்சம் போதல."

"கையில ஒண்ணும் இல்லையே?"

"இல்லப்பா. எல்லாருக்கும் ஆடும். ஃபில்டர்னு ஒண்ணு இருக்கு, அதைப் போட்டா சரியாயிடும். சட்டைக்கு இஸ்திரி போடற மாதிரி."

போட்டாள். சுருக்கம் போயிற்று. கை கல்லில் செதுக்கியது போல் நின்றது. அவர் அதையும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நல்லா இருக்கு" என்றார்.

அதற்குள் மேலாளர் கூப்பிட, மகள் எழுந்து போனாள். பதிவை நிறுத்த மறந்துவிட்டாள். இருபது நிமிடம் கழித்து வந்தபோது அப்பா தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு பாயோரம் உட்கார்ந்திருந்தார்.

"கேமராவேதான்" என்றார். "நீ வேலையைப் பாரு. நான் பஸ்ஸுல போய்க்கறேன்."

திறப்பு ஒரு மாதம் தள்ளிப்போனது. பிறகு இன்னும் மூன்று மாதம். மகள் கூடத்திலேயே கிடந்தாள். வீட்டுக்கு வந்தால் குளித்துவிட்டு ஓடினாள். அப்பா சாப்பிடும்போது தட்டை இடம் மாற்றி வைத்துக்கொண்டதும், சட்டைப் பித்தானை அம்மாவைப் போடச் சொன்னதும் அவள் கண்ணில் படவில்லை. அம்மா கண்ணில் பட்டது. "வயசாயிடுச்சுன்னு கொஞ்சல் வேற" என்று சொல்லிக்கொண்டே பித்தானைப் போட்டுவிட்டாள்.

ஒரு காலை துறைமுக வாசல் படியில் அவர் விழுந்தார்.

தலைக்குள் இடப்பக்கம் கட்டி. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"வலது கையில நடுக்கம் ஏதாவது இருந்துச்சா? முன்னாடியே கவனிச்சீங்களா?"

"என்கிட்ட ஒண்ணும் சொல்லலையே" என்றாள் அம்மா.

மகள் படத்திலிருந்து கண்ணை எடுத்துத் தன் கணினிப் பையைப் பார்த்தாள்.

"ஒரு நாலு மாசம் முன்னாடி வந்திருந்தா கட்டி சின்னதா இருந்திருக்கும்" என்றார் டாக்டர். "அப்ப பேசற பேச்சே வேற." சொன்னபின், சொல்லியிருக்க வேண்டாம் என்று தோன்றியதோ என்னவோ, அறுவை சிகிச்சை பற்றி நீளமாகப் பேசினார்.

மகள் நடைபாதை பெஞ்சில் கணினியை மடியில் திறந்தாள். கூடத்தில் யார் முகத்தையும் படமாகச் சேமிப்பதில்லை. குழந்தைகள் வருமிடம் என்பதால் அது விதி. புள்ளிகளின் இருப்பிடம் மட்டும் எண்களாக இருக்கும். இஸ்திரி போடாத பழைய பதிவை எடுத்தாள். அவர் கையை நீட்டி அசையாமல் வைத்திருந்த நேரங்களை மட்டும் பிரித்து, இரு மணிக்கட்டுப் புள்ளிகளும் எவ்வளவு துடித்தன என்று கணக்குப் போட்டாள். நோய் கையில் இருந்திருந்தால் வலது மட்டும்தான் துடித்திருக்கவேண்டும்.

வலது ஏழு மில்லிமீட்டர். இடது ஆறரை.

இரண்டும் ஒன்றுதான். அப்படியானால் கேமராதான். அவள் சொன்னது சரி. பெஞ்சில் தலையைச் சாய்த்து, பல நாட்களுக்குப் பிறகு அரை மணி நேரம் தூங்கினாள்.

அறுவை சிகிச்சைக்குப் பின் அவருக்குப் பேச்சு வரவில்லை. வலது கை படுக்கையில் பாரமாகக் கிடந்தது. கூடம் அந்த வாரம்தான் திறந்தது, மகள் போகவில்லை. அவள் மருந்துச் சீட்டோடு ஓடுவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தவர், ஒரு நாள் இடது கையைத் தூக்கிக் குடை மாதிரிக் கவிழ்த்தார். கீழே இருக்கவேண்டிய வலது கை எழவில்லை. அம்மா தன் கையைக் கொண்டுபோய் அதன் அடியில் வைத்தாள். மெதுவாக.

ஐந்து வாரம் இருந்தார்.

அவர் போய் மூன்று வாரம் கழித்து ஒரு பிற்பகலில் மேல்மாடி வீட்டுக்கு வந்தார். முதலில் வந்த கூட்டத்தில் பேச முடியவில்லை என்றார். அப்பாவின் தலைக்கவசமும் லாக்கர் சாமான்களும் ஒரு பையில் இருந்தன. நாற்காலியில் நுனியில் உட்கார்ந்தார்.

"இப்ப கீழ ஒரு பையன் நிக்கறான் பாப்பா. நல்ல பையன்தான். ஆனா அவன் சைகை பண்றப்ப கொசு விரட்டறானா, பெட்டியை இறக்கச் சொல்றானான்னே தெரியல."

மகள் சிரிக்க முயன்றாள். அவர் டம்ளரை இரு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"உங்கப்பா கடைசி நாலு மாசமும் எனக்கு இடது கையாலதான் சொல்லிட்டிருந்தாரு. தெரியுமா?"

"தெரியாது மாமா."

"கேட்டேன். என்னய்யா இது, இத்தனை வருஷம் கழிச்சு இடது கைக்குப் பதவி உயர்வான்னு. 'வலது நடுங்குது. நடுங்கற கையால உனக்கு நில்லுன்னு சொன்னா, நிக்கறதா வேணாமான்னு நீ யோசிப்ப. ஒரு நொடி யோசிச்சாப் போதும், கீழ ஒருத்தன் காலி'ன்னாரு. எனக்கே சந்தேகம் இருந்துச்சு, பொண்ணோட கேமரா உறுதி பண்ணிடுச்சுன்னாரு. அதுல பெருமை வேற. எங்க கண்ணுக்கெல்லாம் தெரியாதது அதுக்குத் தெரிஞ்சுதாம்."

"நான் கேமரா கோளாறுன்னுதானே சொன்னேன்?"

"அதையும் சொன்னாரு. 'அவ அசதியில சொல்றா. மிஷினு சரியாத்தான் பாக்குது'ன்னாரு."

அம்மா சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"டாக்டர்கிட்ட போகச் சொல்லலையா அண்ணா?"

"சொன்னேம்மா. கூடம் திறக்கட்டும், இப்ப சொன்னா அவ எல்லாத்தையும் போட்டுட்டு என் பின்னாடி ஓடி வருவான்னாரு. பதினஞ்சு நாள்ங்கறாரு, அப்புறம் ஒரு மாசம்ங்கறாரு, அப்புறம்..." நிறுத்தினார். "நானும் விட்டுட்டேன். கையைப் பாத்து வேலை செய்யறவன் நான். நான் விட்டிருக்கக் கூடாது."

மேல்மாடி போனபின் மகள் பாத்திரங்களைக் கழுவினாள். மனதில் அந்த இரண்டு எண்கள்தான் ஓடின. ஏழு, ஆறரை. கேமரா இரு பக்கமும் துடித்திருக்கிறது. அதில் அப்பா எதைக் கண்டு உறுதி செய்துகொண்டார்? அவரா தவறு, எண்ணா தவறு?

மறுநாள் காலை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கணினியைத் திறந்து, பதிவை முதலிலிருந்து கடைசிவரை ஓடவிட்டாள். இதுவரை அதை எண்ணாகத்தான் பார்த்திருந்தாள். பாடத்துக்கு வேண்டிய முதல் பகுதியை வெட்டி எடுத்ததோடு சரி. மிச்சம் அவர் சும்மா நின்ற நேரம் என்று தள்ளிவிட்டிருந்தாள்.

கறுப்புத் திரையில் பதினேழு புள்ளிகள். சைகைகள் முடிந்தன. அவள் எழுந்து போன நேரம் வந்தது. உருவம் நின்றது. பிறகு இரண்டு கைகளையும் முன்னால் நீட்டியது. வலப்பக்கப் புள்ளி துடித்தது. இடப்பக்கம் அசையவில்லை. பத்து நிமிடம் அப்படியே. நடுநடுவே கையை இறக்கி, உதறி, மறுபடி நீட்டியது.

பிறகு புள்ளிகள் எல்லாம் ஒரு கணம் குழம்பி ஒன்றோடொன்று கலந்தன. மறுபடி உருவம் நின்றது. மறுபடி இரண்டு கைகளும் நீண்டன. இப்போது இடப்பக்கப் புள்ளி துடித்தது. வலப்பக்கம் அசையவில்லை.

மகளுக்குப் புரியவில்லை. நோய் கை மாறுமா?

துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்த அம்மா எட்டிப் பார்த்தாள். அவள் அந்தச் சுவரையோ புள்ளிகளையோ முன்பு பார்த்ததில்லை.

"இது உங்கப்பாவா?"

"ஆமா. கண்ணாடி மாதிரி, இடது கை கால் இடப்பக்கமே தெரியும். உனக்கு எப்படித் தெரியுது?"

"முழங்கால்தான் சொல்லுதே." இன்னும் குனிந்து பார்த்தாள். "ஏன் அந்தப் பக்கம் திரும்பி நிக்கறாரு?"

"திரும்பியா?"

"மடங்குறது இடது கால்தானே? இதுல மறு பக்கம்ல மடங்கி இருக்கு. முதுகைக் காட்டிட்டு நிக்கறாரு."

மகள் பதிவைப் பின்னால் இழுத்தாள். முதலில் மடங்கியது இடப்பக்க முழங்கால். குழப்பத்துக்குப் பிறகு வலப்பக்கம்.

அந்தக் கேமராவுக்கு ஒரு குறை உண்டு. எல்லோரும் தன்னைப் பார்த்தே நிற்கிறார்கள் என்று நினைத்துக்கொள்ளும். முதுகைக் காட்டினால், இடது கையை வலது என்றும் வலதை இடது என்றும் எழுதிவைக்கும். குழந்தைகள் சுவரைப் பார்த்து நிற்கவேண்டும் என்று குறிப்பேட்டில் எழுதியவளே அவள்தான்.

அந்தப் பக்கம் வெளிச்சம் போதவில்லை என்று மகள் சொன்னாள். சரி, கோளாறு அந்தப் பக்கத்தில் என்றால், கையை அந்தப் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டால் கோளாறு அங்கேயே இருக்கவேண்டும். அவர் எடுத்துப் பார்த்தார். முதுகைக் காட்டி நின்று, தோளுக்கு மேல் சுவரைத் திரும்பிப் பார்த்தார். கூண்டைத் திரும்பிப் பார்த்துப் பழகிய கழுத்து. நடுக்கம் கையோடு கூடவே மறு பக்கம் வந்தது. இயந்திரத்தைப் படித்தவள் செய்திருக்கவேண்டிய சோதனை. அவர் செய்து முடித்து, விடையைத் தெரிந்துகொண்டு, தலைக்கவசத்தை மடியில் வைத்து உட்கார்ந்து, கேமராவேதான் என்று சொன்னார்.

முன்பக்கம் பத்து நிமிடம், முதுகுப்பக்கம் பத்து நிமிடம். ஒரே கையின் நடுக்கத்தைப் பாதி வலது என்றும் பாதி இடது என்றும் கேமரா எழுதியிருந்தது. அதைத்தான் அவள் கூட்டி, சமம் என்று கண்டு, பெஞ்சில் தூங்கினாள்.

"என்னம்மா ஆச்சு?" என்றாள் அம்மா.

"அவர் அன்னிக்கே என்கிட்ட கேட்டாரும்மா. நான் இல்லைன்னுட்டேன்."

அம்மா மடித்த சட்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். "இன்னொரு தடவை ஓட்டு" என்றாள். மகள் ஓட்டினாள். இருவரும் முழுதும் பார்த்தார்கள். கடைசியில் உருவம் சுவர்ப் பக்கம் திரும்பி, இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. இரண்டு புள்ளிகளும் ஒன்றாகி ஒரே புள்ளியாகத் தெரிந்தன. அது துடிக்கவில்லை. பிறகு அவர் உட்கார்ந்தார்.

அடுத்த வாரம் மகள் வேலைக்குத் திரும்பினாள். திறந்தபின் கூடத்துக்குள் நுழைவது அதுதான் முதல் தடவை. மேலாளர் எழுந்து வந்து, இன்னும் கொஞ்ச நாள் வீட்டில் இருந்திருக்கலாமே என்றார். அவள் தலையாட்டிவிட்டுக் கணினியின் முன் உட்கார்ந்தாள். கிரேன் பாடத்தைத் திறந்தாள். வழிகாட்டி உருவத்தின் ஃபில்டரை எடுத்தாள். நிரலில் அது ஒரே ஒரு வரிதான்.

பத்து மணிக்கு ஒரு பள்ளியிலிருந்து முப்பது குழந்தைகள் வந்தார்கள். பாயில் வரிசையாக நின்றார்கள். விளக்கு மங்கியது. சுவரில் பதினேழு புள்ளிகள் எழுந்தன. இடது முழங்கால் மடங்கியிருந்தது. வலது கை மேலே போய், ஒரு விரல் வானத்தைப் பார்த்துச் சுற்றியது. பிறகு உள்ளங்கை கவிழ்ந்து நீண்டது. நீண்ட இடத்தில் லேசாகத் துடித்தது.

முப்பது வலது கைகள் நீண்டன. முன்வரிசையில் இருந்த ஒரு சிறுமி சுவரை உற்றுப் பார்த்தாள். தன் கை நிற்பதையும் அந்தக் கை நிற்பதையும் ஒப்பிட்டாள். பிறகு தன் கையை லேசாக நடுக்கினாள். பக்கத்திலிருந்தவன் அவளைப் பார்த்து நடுக்கினான். வரிசை முழுவதும் அது பரவியது. விளையாட்டாக அல்ல, சைகையின் ஒரு பகுதி என்று நினைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு கவனமாகச் செய்தார்கள்.

கூட வந்த ஆசிரியை மகளிடம் குனிந்தார்.

"மேடம், அந்தக் கை ஆடுதே. உங்க கேமராவில ஏதாவது கோளாறா?"

"இல்ல" என்றாள் மகள். "கேமரா சரியாத்தான் பாக்குது. அவர் கைதான் நடுங்குது."

ஆசிரியை சுவரை மறுபடி பார்த்தார்.

சுவரில் இருந்த கிரேன், நடுங்கிய முப்பது கைகளையும் பார்த்து, பெட்டியை இருந்த இடத்தில் நிறுத்தியது.